இருசக்கர வாகனப் பயிற்சி விபத்தைக் குறைக்குமா?

பயிற்சி வகுப்புக்குப் போனால் பைக் விபத்து குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியாக ஆம் என்று சொல்ல ஆதாரம் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010-இல் 23 ஆய்வுகளை அலசியது; எந்தப் பயிற்சி சிறந்தது என்றுகூட முடிவுக்கு வர இயலவில்லை. தாமாக வகுப்புக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே எச்சரிக்கையானவர். பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிடுவது அங்கேயே கோணலாகிவிடுகிறது. எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று: உரிமத்துக்கு முன் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் சிலர் உரிமம் வாங்கும் எண்ணத்தையே கைவிடுகிறார்களாம். ஓட்டுபவர் குறைந்தால் விபத்தும் குறையத்தானே செய்யும்!

மைதானத்தில் வளைந்து வளைந்து ஓட்டும் திறமை வேறு. சந்திப்பில் எதிரே வரும் கார் திடீரெனத் திரும்பும் என்று ஊகிப்பது வேறு. இரண்டாவதைக் கற்பிக்கும் வகுப்பாகத் தேடிச் சேருங்கள். கையில் பணம் குறைவென்றால் முதலில் நல்ல தலைக்கவசம்: விபத்தில் சிக்கியவரின் மரண அபாயத்தை அது சுமார் 42 சதவீதம் குறைக்கிறது.