டென்ஸ் அட்டவணை மனப்பாடம். மதிப்பெண் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். எட்டாவது வரை தமிழ் வழி. 12 டென்ஸையும் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ஆங்கிலத் தாளில் பிழை திருத்தும் கேள்விக்கு ஐந்தில் ஒன்றோ இரண்டோதான் வாங்குகிறான். பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ‘40 நாளில் முழு கிராமர்’ என்று 9,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மகனுக்கு விதி தெரியாமல் இல்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கெங்கே சறுக்குகிறான் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அந்த இடங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போகாது.

அதிகம் சறுக்கும் இடம் ஸின்ஸ், ஃபார். “2021-லிருந்து இங்கே படிக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதே நினைப்பில் “ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஸின்ஸ் 2021” என்று எழுதுகிறார்கள். முன்பே தொடங்கி இன்னும் நடக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் “ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்” என்றுதான் வர வேண்டும். அடுத்து எது ஸின்ஸ், எது ஃபார் என்ற குழப்பம். இதற்குத் தமிழே கை கொடுக்கும். ‘காலையிலிருந்து’, ‘2021-லிருந்து’ என்று ‘லிருந்து’ வந்தால் ஸின்ஸ். ‘மூணு வருஷமா’, ‘ரெண்டு மணி நேரமா’ என்று வந்தால் ஃபார். “ஸின்ஸ் த்ரீ இயர்ஸ்” என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்” என்பது தமிழில் சரி. “ஐ ஹேவ் ஸீன் ஹிம் லாஸ்ட் இயர்” என்பது ஆங்கிலத்தில் தவறு. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது. “ஐ ஸா ஹிம் லாஸ்ட் இயர்” என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, ‘இங்’ சேர்ப்பது. இங்கேதான் டியூஷன் சென்டர்கள் செய்யும் கெடுதல் அதிகம். “நௌ வந்தால் கன்டினியூயஸ், டெய்லி வந்தால் சிம்பிள் பிரசென்ட்” என்று குறிச்சொல் பட்டியல் அச்சடித்து விற்கிறார்கள். அதை நம்பும் பிள்ளை “நௌ ஐ நோ தி ஆன்ஸர்” என்ற சரியான வாக்கியத்தை “நௌ ஐ ஆம் நோயிங்” என்று கெடுத்துவைக்கிறான். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் அந்த வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் ஆகிய இவற்றுக்குப் பள்ளித் தேர்வில் ‘இங்’ சேர்க்கவே வேண்டாம்.

‘ஹேவ்’ மட்டும் தனிக் கதை. இதில் பட்டதாரிகளே தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். “எனக்கு ரெண்டு தம்பி இருக்கிறார்கள்” என்பது ‘எனக்கு’ வாக்கியம். ஆகவே “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்”; “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” தவறு. காய்ச்சல், சைக்கிள், சந்தேகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. “நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பது ‘நான்’ வாக்கியம். அங்கே ஹேவ் ஒரு செயலைக் குறிக்கிறது. ஆகவே “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” சரி. நம்மிடம் இருப்பதைச் சொன்னால் ‘இங்’ கிடையாது, செய்வதைச் சொன்னால் உண்டு. “ஷீ இஸ் ஹேவிங் எ பாத்”, “வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்” இரண்டும் செயல், இரண்டும் சரி. இப்படி ஆறேழு வாக்கியங்களை அவனே சொந்தமாக எழுதிப் பார்க்கட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். டிட் வந்தபின் “கோ”தான், “வென்ட்” இல்லை. “ஒன் ஆஃப் தி” என்றால் அடுத்த பெயர் பன்மை, வினை ஒருமை: “ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ் ஆப்சென்ட்”. ஆல்தோ, தோ போட்டுத் தொடங்கினால் நடுவில் பட் வேண்டாம். சீனியர், ஜூனியருக்குப் பின் “தன்” வராது, “டு” வரும். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ் மூன்றுக்கும் பன்மை எஸ் இல்லை. டிஸ்கஸுக்குப் பின் அபௌட் வேண்டாம்.

பிழை திருத்தும்போது வாக்கியத்தை மேலோட்டமாக வாசித்து யூகிக்கக் கூடாது. முதலில் வினையைக் கோடிட வேண்டும், அது யாருக்குரியது என்று பார்க்க வேண்டும், பிறகு நேரத்தைக் காட்டும் சொல்லைத் தேட வேண்டும். இந்த மூன்றிலும் குறையில்லை என்றால்தான் எ, ஆன், இன், அட் பக்கம் போகலாம். பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் ஒரு பிழைதான் இருக்கும். அதைத் திருத்தியதும் நிறுத்திவிட்டு, முழு வாக்கியத்தையும் எழுதிவிட வேண்டும். சரியாக இருப்பதையும் மாற்றித் தொலைப்பதுதான் பல பிள்ளைகளின் நஷ்டம்.

தாளில் இலக்கணத்துக்கான இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஐந்தில் மூன்றை எழுதினால் போதும். நிறுத்தற்குறி இடுவதையும் சொற்களை வரிசைப்படுத்துவதையும் முதலில் எடுக்கட்டும். மூன்றாவதாக வாக்கிய மாற்றத்தில் கை வருவதை எடுக்கலாம். பேச்சில் யாரும் சொல்லாத “எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன் பை மீ” மாதிரி வாக்கியத்தை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு, தலைமையாசிரியருக்கு நான்கு வரி விடுப்புக் கடிதம் எழுத வருவதில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது நோட்டு இருந்தால் ஆசிரியர் டிக் போடத்தான் முடியும், ஒவ்வொரு வரியாகத் திருத்த முடியாது. அந்த இடைவெளியைக் காட்டித்தான் இந்த சென்டர்களும் கைடுகளும் காசு பார்க்கின்றன.

உங்களுக்குத் தேவையானது ஒரு 80 பக்க நோட்டு. தினமும் 20 நிமிடம். அன்று நடந்ததைப் பற்றி ஆறு வாக்கியம் சொந்தமாக எழுதட்டும். பள்ளி ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தித் தரக் கேளுங்கள், மறுக்கமாட்டார். எதிர்ப்பக்கத்தில் தவறான வரியையும் திருத்திய வரியையும் அருகருகே எழுதிவைக்க வேண்டும். விதியை எழுத வேண்டாம். ஒரே தவறு மூன்று முறை வந்தால் அந்த வாரம் முழுக்க அதற்கு மட்டும் பயிற்சி. பாடநூலில் அலகுகளிலேயே இலக்கணப் பயிற்சி இருக்கிறது. அந்த நூல் இணையத்தில் இலவசம், அதற்குத் தனியாக ‘மெட்டீரியல்’ கட்டணம் கொடுக்க அவசியமில்லை.

அப்படியும் சென்டர்தான் என்று முடிவெடுத்தால், அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு மாணவனின் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவன் சொந்தமாக எழுதிய வாக்கியங்கள் திருத்தப்பட்டிருக்கின்றனவா, கரும்பலகையைப் பார்த்து எழுதியவை மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘இந்தக் கேள்விதான் வரும்’ என்று உறுதி சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நல்ல இடமாகவே இருந்தாலும் மொத்தத் தொகையையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.