ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்: பிரெக்சிட் முட்டுக்கட்டை, கேள்வி பதில்

லண்டன், 2019 ஏப்ரல் 4, வியாழன்.

நேற்று இரவு பதினொன்றரை மணிவாக்கில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை ஒரு மசோதாவை 313-312 என்று நிறைவேற்றியது. ஒப்பந்தம் ஏதும் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து நாடு பிய்த்துக்கொண்டு போய்விடாதபடி, பிரதமர் கூடுதல் அவகாசம் கேட்டே ஆகவேண்டும் என்கிறது அது. வெளியேறும் கெடு ஏப்ரல் 12. இன்னும் எட்டே நாள். நான் இங்கே அரசியலமைப்புச் சட்டம் கற்பிப்பவள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வாக்கெடுப்பு இரவும் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

கேள்வி (மதுரை): மேடம், 1999-ல வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டுல கவிழ்ந்துச்சு. அங்க தெரசா மே 230 ஓட்டு வித்தியாசத்துல தோத்த பிறகும் பிரதமரா இருக்காங்களே, எப்படி?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த 269-270 நடந்து இந்த மாதம் 17-ஆம் தேதியோடு இருபது வருடம் ஆகிறது. பிரிட்டனிலும் அப்படி ஒன்று உண்டு. 1979 மார்ச் 28 அன்று கலகன் அரசு 311-310 என்று ஒரே வாக்கில் விழுந்தது, தேர்தல் வந்தது, தாட்சர் வந்தார்.

ஆனால் அவை இரண்டும் அரசின் மீதான நம்பிக்கை பற்றிய வாக்கெடுப்புகள். இந்த ஜனவரி 15 அன்று 432-202 என்று தோற்றது மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம். பழைய வழக்கப்படி, அரசின் உயிரான கொள்கையே இப்படித் தோற்றால் பிரதமர் போவார், இல்லையென்றால் தேர்தல் வரும். 2011-இல் கொண்டுவந்த நிலையான பதவிக்காலச் சட்டம் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. இப்போது அந்தச் சட்டத்தில் உள்ள வாசகத்திலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால்தான் அரசு ஆட்டம் காணும். எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் மறுநாளே கொண்டுவந்தார். 325-306 என்று மே தப்பித்தார். முதல் நாள் இரவு அவருடைய ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சிக்காரர்கள் 118 பேர். மறுநாள் அவரைக் காப்பாற்றியவர்களும் அவர்களேதான்.

முன்கூட்டியே தேர்தல் வைக்கலாம் என்றால் அதற்கு 650-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 பேர் வேண்டும். கட்சிக்குள்ளும் கதவு அடைபட்டிருக்கிறது: டிசம்பர் 12 அன்று கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் 200-117 என்று அவரைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள், ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. தன் முதன்மையான வேலையைச் செய்யமுடியாத அரசு, ஆனால் அகற்றவும் முடியாத அரசு. இந்த நிலைக்குப் பெரும் பொறுப்பு அந்த 2011 சட்டத்துடையது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி (கோவை): கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடாதா?

இந்தியாவில் போகும். 1985-இல் அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், அதற்காகத்தான். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. கொறடா அனுப்பும் தாளில் முக்கியமான வாக்கெடுப்புக்குக் கீழே மூன்று கோடு போட்டிருப்பார்கள். மீறினால் அமைச்சர் பதவி போகலாம், கட்சியிலிருந்து விலக்கலாம், அடுத்த முறை சீட்டு கிடைக்காமல் போகலாம். எம்.பி. பதவி மட்டும் அப்படியே இருக்கும். மார்ச் 13 அன்று நான்கு கேபினட் அமைச்சர்களே கொறடாவைப் பொருட்படுத்தாமல் வாக்களிக்காமல் இருந்தார்கள், அவர்களை நீக்கக்கூட மே-யால் முடியவில்லை. மனசாட்சிப்படி வாக்களிக்கும் இந்த உரிமையை நான் மதிக்கிறேன். அதற்கு விலை என்ன என்பதையும் இந்த மூன்று மாதத்தில் பார்த்துவிட்டேன்.

கேள்வி (சிங்கப்பூர்): எட்டு வழிகளை வைத்து ஓட்டெடுத்தார்களாமே. எட்டில் ஒன்றுகூடவா தேறவில்லை?

ஒன்றுகூட இல்லை. மார்ச் 27 அன்று எட்டு யோசனைகள், எட்டும் தோல்வி. ஏப்ரல் 1 அன்று நான்கு, நான்கும் தோல்வி. இதில் என்னை மிகவும் வருத்திய எண் 273-276. ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் (உள்ளே சுங்க வரி இல்லை, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோருக்கும் ஒரே வரி) நீடிக்கலாம் என்ற கென் கிளார்க்கின் யோசனை மூன்றே வாக்கில் போனது. அவர் 1970-இலிருந்து சபையில் இருப்பவர், கன்சர்வேடிவ் கட்சிக்காரர், வெளியேறுவதே தவறு என்று கடைசி வரை சொன்னவர். அவரே இறங்கிவந்து நடுவழி ஒன்றைக் காட்டினார்.

அதே இரவு, எந்த ஒப்பந்தமானாலும் மக்களிடம் மறுபடி கேட்டுவிட்டே முடிவு செய்யவேண்டும் என்ற யோசனைக்கு 280 பேர் ஆதரவு, 292 பேர் எதிர்ப்பு. மறு வாக்கெடுப்பு கேட்டவர்களில் பலர் சுங்க ஒன்றியத்துக்குக் கை தூக்கவில்லை. சுங்க ஒன்றியத்தை ஆதரித்தவர்களில் பலர் மறு வாக்கெடுப்புக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் சிலர், சிலரே போதும், தங்கள் இரண்டாவது விருப்பத்தையும் ஏற்றிருந்தால் திங்கட்கிழமை இரவே இந்தச் சபைக்கு ஒரு பெரும்பான்மை கிடைத்திருக்கும்.

எம்.பி.க்கள் முட்டாள்கள் என்று எல்லோரும் திட்டுகிறார்கள், நான் அதை ஏற்கவில்லை. 2016 ஜூன் 23 அன்று மக்களிடம் கேட்டது, இருப்பதா, போவதா என்று மட்டும்தான். 51.9 சதவீதம் பேர் போகலாம் என்றார்கள். எங்கே போவது என்று சீட்டில் இல்லை. நார்வே மாதிரி சந்தைக்குள் இருந்துகொண்டா, சுங்கத்தில் மட்டும் சேர்ந்தா, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டா? ஒவ்வொரு எம்.பி.யும் தனக்குப் பிடித்த ஊரை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் காட்டும் பாதையைத் தடுத்தால் கடைசியில் தன் பாதைதான் மிஞ்சும் என்று காத்திருக்கிறார். முழு வெளியேற்றம் கேட்பவர்கள் கெடு தங்களுக்குச் சாதகம் என்கிறார்கள். இருந்துவிடலாம் என்பவர்கள் தாமதம் தங்களுக்குச் சாதகம் என்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது.

யோசனைகளை ஒவ்வொன்றாக வைத்து ஆம், இல்லை என்று கேட்டதும் ஒரு தவறு. கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது சுற்றுச் சுற்றாகக் கடைசி ஆளை நீக்கி நீக்கி இரண்டு பேருக்கு வருகிறார்கள். நாட்டின் எதிர்காலத்துக்கும் அதே முறையை வைத்திருந்தால் ஒவ்வொருவரும் தன் இரண்டாவது விருப்பம் எது என்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். நடுவழி யோசனை ஒன்றுக்காகப் பாடுபட்ட கன்சர்வேடிவ் எம்.பி. நிக் போல்ஸ், அது தோற்றதும் சபையிலேயே எழுந்து, என் கட்சி விட்டுக்கொடுக்க மறுக்கிறது, இனி இதில் இருக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு நடந்துபோனார். அந்த நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்வி (லெஸ்டர்): அக்கா, நாங்கள் ஜெர்மனியில இருந்து இங்க வந்து ஒன்பது வருசம். எனக்கும் பிள்ளையளுக்கும் ஜெர்மன் பாஸ்போர்ட், மனுசிக்கு இலங்கைப் பாஸ்போர்ட். எங்களை அனுப்பிப்போடுவாங்களோ?

இல்லை தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஐரோப்பியக் குடிமக்களுக்கான குடியிருப்புத் திட்டம் மார்ச் 30 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 65 பவுண்டு கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவர்களுக்கு நிரந்தர உரிமை, குறைவாக இருந்தவர்களுக்கு ஐந்து வருடம் நிறையும் வரை தற்காலிக உரிமை. உங்கள் மனைவி உங்கள் குடும்பத்தவர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பம் போட மறக்காதீர்கள், பெற்றோருக்குக் கிடைத்தால் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. சுவிஸ், நார்வே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே திட்டம்தான்.

ஒப்பந்தம் நிறைவேறினால் 2021 ஜூன் 30 வரை விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் 2020 டிசம்பர் 31 வரை. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும் செயலி இப்போதைக்கு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் வேலை செய்கிறது, தெரிந்தவர் போனை வாங்கிச் செய்தாலும் செல்லும். உங்கள் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்தால் வரிப் பதிவிலிருந்து அவர்களே வருடங்களைச் சரிபார்ப்பார்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று நூறு, இருநூறு பவுண்டு கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016-இல் இங்கே வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்களித்தார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, டேனிஷ் பாஸ்போர்ட்டோடு இதே தெருவில் வாழ்ந்து வரி கட்டியவர்களுக்கு வாக்கு இல்லை. ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு சகோதரர்களில் ஒருவருக்கு வாக்கு உண்டு, மற்றவர் வாழ்க்கைதான் அந்த வாக்கால் ஆடுகிறது. அது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வட அயர்லாந்து எல்லையில அப்படி என்ன சிக்கல்?

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி, அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள தனி நாடு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலை கடக்கிறது, இன்று ஒரு சோதனைச் சாவடிகூட இல்லை. மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மோதலுக்குப் பிறகு, 1998 புனித வெள்ளி உடன்பாடு தந்த அமைதி அது. சாவடி என்றால் என்ன, துப்பாக்கியோடு நிற்பவன் முன்னால் பையைத் திறந்து காட்டுவது என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிட்டன் வெளியேறினால் அந்த எல்லை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். வேறு வழி கண்டுபிடிக்கும் வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பாவோடு ஒரே சுங்கப் பரப்பில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு காப்பு வைத்தார்கள். அதைத்தான் பேக்ஸ்டாப் என்கிறார்கள். தனியாக அதிலிருந்து விலக முடியாது என்பதால் வெளியேறுவதில் தீவிரமாக இருந்தவர்கள் எதிர்த்தார்கள். வட அயர்லாந்துக்கு மட்டும் கூடுதல் விதிகள் என்பதால், பிரிட்டனோடு இணைந்தே இருக்கவேண்டும் என்னும் வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி. எதிர்த்தது. மே அரசு நிற்பதே டி.யு.பி.யின் பத்துப் பேர் தோளில்தான், ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்த மூன்று முறையும் அந்தப் பத்துப் பேரும் எதிராக வாக்களித்தார்கள். அயர்லாந்தோடு இணையவேண்டும் என்னும் சின் ஃபெய்ன் கட்சியின் ஏழு பேர் கொள்கைப்படி சபையில் அமர்வதே இல்லை. அந்த மாகாணத்தில் 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்க விரும்பினார்கள், அவர்கள் குரல் சபையில் ஏறக்குறையக் கேட்கவே இல்லை.

கேள்வி (சென்னை): நேற்று ஒரு ஓட்டெடுப்பு சமமாக முடிந்ததாமே? அப்புறம், பட்டன் அழுத்தாமல் ஏன் எழுந்து நடந்துபோகிறார்கள்?

ஆம், 310-310. மார்ச் 27, ஏப்ரல் 1 அன்று நடந்தது போல, பல யோசனைகளை வைத்து விருப்பம் அறியும் வாக்கெடுப்பை இன்னொரு நாள் நடத்தலாமா என்பது பற்றியது. 1993-க்குப் பிறகு இப்போதுதான் இப்படி. சபாநாயகர் பெர்கோ எதிர்ப்புப் பக்கம் வாக்களித்தார். சபையில் இல்லாத பெரும்பான்மையை சபாநாயகர் உண்டாக்கக்கூடாது என்பது மரபு. மார்ச் 18 அன்று, தோற்ற தீர்மானத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது என்று 1604-ஆம் ஆண்டு மரபைக் காட்டித் தடுத்தவரும் அவரே. அதனால்தான் மூன்றாவது முறை ஒப்பந்தத்தின் ஒரு பாதியை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தார்கள். முதலில் வெளியேறக் குறித்திருந்த மார்ச் 29-ஆம் தேதியன்றே 286-344 என்று அதுவும் விழுந்தது.

மணி அடித்ததும் எட்டு நிமிடத்தில் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு தாழ்வாரங்களில் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். ஜனவரி 15 அன்று எம்.பி. டியூலிப் சித்திக் தன் பிரசவ அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டு சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். அதன்பிறகுதான், மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களுக்காக வேறொருவர் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடே வந்தது.

கேள்வி (திருச்சி): செப்டம்பர்ல மாஸ்டர்ஸ் படிக்க வர்றேன். விசாவுக்குச் சிக்கல் வருமா?

வராது. இந்தியர்களின் மாணவர் விசா ஐரோப்பிய விதிகளில் வருவதில்லை. பவுண்டு விலை ஏறி இறங்கும், கட்டணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கணக்குப் போடுங்கள்.

கேள்வி (ஹாரோ): அரிசி, மருந்து எல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கணுமா?

மருந்து நிறுவனங்களை ஆறு வாரச் சரக்கு கூடுதலாக வைத்திருக்க அரசே சொல்லியிருக்கிறது, அதனால் நீங்கள் தனியாகச் சேர்க்கவேண்டாம். வழக்கமான மருந்தை நேரத்துக்கு வாங்குங்கள், போதும். டோவர் துறைமுகம் அடைபட்டால் ஐரோப்பாவிலிருந்து வரும் தக்காளி, கீரை வகைதான் முதலில் குறையும். லாரிகளை வரிசைகட்டி நிறுத்த எம்20 நெடுஞ்சாலையில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். வீணான பயம் என்று சொல்லமாட்டேன், நேற்றைய ஒரே ஒரு வாக்குதான் இடையில் நிற்கிறது.

கேள்வி (நியூ ஜெர்சி): பேசாமல் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டால்?

செய்யலாம், ஐரோப்பிய நீதிமன்றம் டிசம்பரிலேயே பிரிட்டன் தனியாக முடிவெடுத்து வெளியேறும் அறிவிப்பைத் திரும்பப்பெறலாம் என்று சொல்லிவிட்டது. அறுபது லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் 1.74 கோடிப் பேர் போட்ட வாக்கை அவர்களிடம் திரும்பக் கேட்காமல் எம்.பி.க்கள் மட்டும் அழித்தால் அந்தக் காயம் ஒரு தலைமுறைக்கு ஆறாது. நான் இருந்துவிடலாம் என்று வாக்களித்தவள், அப்படியிருந்தும் இதை ஆதரிக்கமாட்டேன்.

கேள்வி (பர்மிங்காம்): அக்கா, 2016-ல எனக்குப் பதினைந்து வயது. இப்ப பதினெட்டு. அடுத்து என்ன நடக்கும்? நான் என் எம்.பி.க்கு எழுதினால் வாசிப்பாங்களா?

இன்று மசோதா மேலவைக்குப் போகிறது. மே-யும் கோர்பினும் நேற்று பேச உட்கார்ந்தார்கள், அது பிடிக்காமல் இரண்டு இளைய அமைச்சர்கள் விலகிவிட்டார்கள். ஏப்ரல் 10 அன்று பிரஸ்ஸல்ஸில் 27 நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் அவகாசம். ஒருவர் மறுத்தாலும் 12-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு வெளியே.

வாசிப்பார்கள் தங்கச்சி. உன் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் முதல் வரியிலேயே போடு, தன் தொகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் பதில் எழுதுவார்கள். எல்லோரும் அனுப்பும் அச்சுக் கடிதத்தை அனுப்பாதே, உன் வார்த்தையில் எழுது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்காதே, அது அவர் ஏற்கனவே பத்து முறை சொன்னது. அது கிடைக்காவிட்டால் எதை ஏற்பீர்கள் என்று கேள். நாளை வெள்ளிக்கிழமை. பெரும்பாலான எம்.பி.க்கள் தொகுதிக்கு வந்து மக்களைச் சந்திக்கும் நாள். அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு, முடிந்தால் நேரிலேயே போய்க் கேள்.