மூளையில் ரத்தம் ஓடும் வேகம்

கேள்வி: ஸ்கேன் எல்லாம் பரவலாக வருவதற்கு முன்பே, மண்டை ஓட்டைத் திறக்காமல் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார்களாமே, எப்படி?

பதில்: கோபன்ஹேகனில் நீல்ஸ் லாசனும் ஸ்வீடனின் லுண்ட் நகரில் டேவிட் இங்வாரும் 1960களில் வளர்த்தெடுத்த முறை அது. செனான்-133 என்ற கதிரியக்க வாயுவை உப்பு நீரில் கரைத்து, மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். உடலுக்குள் செனான் எதனோடும் வினைபுரியாது. ரத்தத்தோடு போய் மூளைத் திசுவில் இறங்கும், அப்புறம் ரத்தமே அதைக் கழுவிக்கொண்டு போக, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும். எந்த இடத்தில் சீக்கிரம் கழுவப்படுகிறதோ அங்கே ரத்தம் அதிகம் ஓடுகிறது, அவ்வளவுதான் கணக்கு!

இதைப் பிடிக்கத் தலையின் பக்கவாட்டில் 254 சின்ன உணரிகளை நெருக்கமாக அடுக்கிவைத்தார்கள். செனானிலிருந்து வரும் காமா கதிர் ஒன்று உணரிக்குள் இருக்கும் படிகத்தில் பட்டால் பொட்டு வெளிச்சம் தெறிக்கும், அதை எண்ணிக்கொண்டே போவார்கள். ஓர் உணரி மூளைப் பரப்பில் சுமார் 1 சதுர சென்டிமீட்டரைத்தான் பார்க்கும். நோயாளி கையை மூடித் திறந்தால், எதிர்ப்பக்க மூளையில் அந்தக் கைக்கான இடத்தில் ஓட்டம் கூடுவது திரையில் நிறமாகத் தெரியும். எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம் இது.

ஆனால் தமனியில் ஊசி போட வேண்டும் என்பதால், வேறு பரிசோதனைக்காக ஏற்கெனவே ஊசி குத்த வேண்டியிருந்த நோயாளிகளிடம்தான் பெரும்பாலும் செய்தார்கள். மூளையின் ஆழமான பகுதிகளும் இதில் சரியாகத் தெரியாது.