மூன்று மாதம் ஜிம் போய் நிறுத்திவிட்டேன், மறுபடி ஆர்வம் வர என்ன வழி?

சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென ஏறுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால்தான். தசை வளர்வது மெதுவாகத்தான். அந்த வேகம் குறையும்போது மனசும் விட்டுப்போகிறது.

திரும்பிப் போகிற முதல் நாளே பழைய எடையைத் தூக்குவதுதான் பெரிய தப்பு. 40 கிலோவில் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தவர் 20-இல் தொடங்குங்கள், இரண்டே செட் (சுற்று). இல்லாவிட்டால் இரண்டாம் நாள் தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியாது, பயிற்சியும் அதோடு நின்றுவிடும். வாரம் மூன்று நாள், 20 நிமிடம் போதும். தேதி, எடை, எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணாடி காட்டாத முன்னேற்றத்தை அது காட்டும்.

லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஜிம்மே பிடிக்கவில்லையா? ஷட்டில் ஆடுங்கள், அதுவும் பயிற்சிதான்.