வாசகர் கேள்வி: ஒன்பது இரவு, ஏழு ஊர்… இத்தாலியில் இது நடக்குமா?

கேள்வி: முதல்முறையாக ஐரோப்பா போகிறோம், நாடு இத்தாலி என்று முடிவாகிவிட்டது. நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், முழங்கால் வலி உள்ள மாமியார். ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி, ஃப்ளோரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் என்று எழுதி வைத்திருக்கிறோம். மே மாதம், தங்க ஒன்பது இரவு கிடைக்கிறது. ரயிலில் எல்லாம் பக்கம்தான் என்கிறார்களே, சமாளித்துவிடலாமா?

பதில்: பக்கம்தான், அதில் பொய் இல்லை. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டேகால் மணி நேரம். ஆனால் ஊர் மாறுகிற நாளில் ரயிலில் உட்காரும் நேரம் மட்டுமா செலவாகிறது? பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து, புது ஊரில் இறங்கி ஹோட்டலைக் கண்டுபிடித்து, அறை மதியத்துக்குமேல்தான் தருவார்கள் என்பதால் பெட்டிகளை வரவேற்பறையில் போட்டுவிட்டு, பசியோடு சாப்பிட இடம் தேடி… அரை நாள் போய்விடும். நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணித் திட்டம் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு இரவு தங்குகிற ஊர் திட்டத்தில் இருந்தால் அதைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

உங்களுக்கு என் கணக்கு இது: ரோம் 4 இரவு, ஃப்ளோரன்ஸ் 3, வெனிஸ் 2. பீசாவில் தங்க வேண்டாம், ஃப்ளோரன்ஸிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரம்தான், காலையில் போய் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடலாம். மிலானையும் அமால்ஃபியையும் எடுத்துவிடுங்கள். அமால்ஃபி அழகான கடற்கரைதான், ஆனால் மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலை, கூட்டமான பஸ், ஊருக்குள் எங்கு பார்த்தாலும் படிக்கட்டு. அதற்கென்றே தனியாக மூன்று நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம். நேப்பிள்ஸிலும் தங்க வேண்டாம். மகளுக்குப் பொம்பேயில் ஆசை இருந்தால் (கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த நகரம், அந்த வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்) ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். நேப்பிள்ஸ் வரை ஒரு மணி பத்து நிமிடம், அங்கிருந்து உள்ளூர் ரயில். மேடுபள்ளமான கல் பாதை என்பதால் மாமியாரும் கணவரும் அன்று ரோமிலேயே ஓய்வெடுக்கட்டும். நால்வரும் எல்லா நாளும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விமான டிக்கெட்டில் ஒரு விஷயம். ரோமில் இறங்கி ரோமிலிருந்தே திரும்புவதாகப் போட்டால் கடைசியில் வெனிஸிலிருந்து திரும்பவும் தெற்கே நான்கு மணி நேரம் வரவேண்டும். ‘மல்ட்டி சிட்டி’ என்று தேடி, போவது ரோம், திரும்புவது வெனிஸ் என்று பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் ஒரு நாள் மிச்சம்.

அப்புறம், கிழமை பார்த்துக்கொள்ளுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் இது. ஃப்ளோரன்ஸில் உஃபிஸி அருங்காட்சியகமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்கடேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வாடிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தாங்காது. ரோமின் பழங்கால வட்ட அரங்கமான கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட், அதில் பெயரும் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் கொலோசியத்திலும் உஃபிஸியிலும் மகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அவளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். வாடிகன் தனி நாடு, இந்தச் சலுகை அங்கே செல்லாது.

வெனிஸில் பாலம் என்றாலே படி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். அதனால் சான்டா லூசியா ஸ்டேஷன் பக்கமோ, வாப்போரெட்டோ என்கிற படகு பஸ் நிற்கும் துறைக்குப் பக்கமோ ஹோட்டல் பாருங்கள். வெனிஸ் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மெஸ்ட்ரேயில் அறை மலிவு, பத்து நிமிட ரயில்தான், ஆனால் அது நிலப்பகுதி. பகல் கூட்டம் வடிந்த பிறகு இரவில் கால்வாய் ஓரம் நடப்பதுதான் வெனிஸ், இரண்டே இரவு தங்குபவர்கள் அதை இழக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ரயில் டிக்கெட்டை இப்போதே வாங்க வேண்டுமா, அங்கே போய் வாங்கலாமா?

பதில்: அதிவேக ரயிலில் விமானம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ட்ரெனிட்டாலியா, இத்தாலோ என்று இரண்டு கம்பெனிகள் ஒரே தடத்தில் போட்டி போடுகின்றன, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் மிக மலிவான டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. ஷெங்கன் விசா (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டியவர்கள் விசா கைக்கு வந்த பிறகே அதை வாங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவசியம். பீசா போன்ற சாதாரண ரயிலுக்கு நிலையான விலை, அன்றே வாங்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் ஸ்டேஷன் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம்.

ஸ்டேஷன் பலகையில் கடைசி ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஃப்ளோரன்ஸ் போகிற உங்கள் ரயில் ‘மிலானோ’ என்றோ ‘வெனெட்சியா’ என்றோ காட்டும், ரயில் எண்ணைப் பார்த்து ஏறுங்கள்.

கேள்வி (வேறொரு வாசகர்): எங்களுக்கு ஆகஸ்ட்டில்தான் லீவு. போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் வெயில் கடுமை. ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை, அதையொட்டி உள்ளூர்க்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவதால் குடும்பங்கள் நடத்தும் சின்ன உணவகங்கள் பல மூடிக் கிடக்கும். வெளியிடங்களைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொண்டு, நடுப்பகலில் அருங்காட்சியகத்துக்குள் இருங்கள். ரோமில் தெருவோரக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் கையில் இருக்கட்டும். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும், வெயிலுக்காகக் கையில்லாத உடை போட்டிருந்தால் ஒரு துப்பட்டா போதும்.

கேள்வி: காரை வாடகைக்கு எடுத்தால் சுதந்திரமாக இருக்குமே?

பதில்: ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் மூன்றுக்கும் வேண்டவே வேண்டாம். பழைய நகர்ப் பகுதிகளில் ‘இசட்.டி.எல்.’ என்ற தடை எல்லை உண்டு, அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி மாநிலத்தின் குன்றுகளுக்கு நடுவே சின்னச் சின்ன கிராமங்களில் தங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் எடுங்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். அங்குள்ள பழைய நகரமான சியன்னா மட்டும் போதும் என்றால் ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ்ஸே நல்லது, ரயில் ஸ்டேஷன் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது, பஸ் ஊர் மையத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும்.