அந்த 800 டாலரை முதலில் பிரித்துப் பாருங்கள்

ஆகஸ்டில் வரும் கூகுள் பிக்சலா, செப்டம்பரில் வரும் ஐஃபோனா, பழைய ஃபோனைக் கொடுத்தால் 800 டாலர் தள்ளுபடி என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். ஃபோன் எது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அந்த 800 கையில் வராது. வெரைசன், ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க ஃபோன் சேவை நிறுவனங்கள் இரண்டிலும் வழக்கமாக 36 மாதம், மாதம் 22 டாலர் சொச்சமாக பில்லில் கழியும். நடுவில் விலகினால் மீதித் தள்ளுபடி போச்சு, ஃபோன் பாக்கியையும் கட்ட வேண்டும். இதற்காக 60 டாலர் பிளானிலிருந்து 85க்கு மாறச் சொன்னால் மாதம் 25 கூடுதல், 36 மாதத்தில் மொத்தம் 900. இதில் யார் யாருக்குத் தள்ளுபடி தருகிறார்கள்? நானும் ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். முதல் பில்லில் அப்கிரேட் கட்டணம் 35 டாலர் தனியாக வந்து நின்றது.

பிளான் மாறாமல் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் எந்த நிறுவனத்தோடும் கட்டிப்போடாத, லாக் இல்லாத பிக்சலை நவம்பர் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை வரை பொறுத்து வாங்குங்கள், விலை பெரும்பாலும் இறங்கும். 7 வருட அப்டேட்டும் உண்டு.

ஆங், இன்னொன்று. அமெரிக்காவில் விற்கும் ஐஃபோனில் 14 மாடலிலிருந்து சிம் தட்டே கிடையாது. ஊருக்குப் போய் அப்பாவின் பழைய சிம்மைச் செருகலாம் என்றால் நடக்காது, ஃபோனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்தான்.