அடுத்தவருக்குப் பாவம், தனக்குப் பாவி

கேள்வி: தன்னை எண்ணித் தானே இரங்குவதையும், பிறர் நம்மைப் பார்த்து இரங்குவதையும் பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

எங்கள் திருகோணமலையில் 'சுயபச்சாதாபம்' என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. 'கழிவிரக்கம்' அதைவிட அரிது. பச்சாத்தாபம், கழிவிரக்கம் இரண்டுமே முதலில் நடந்து முடிந்ததை எண்ணி வருந்துவதைக் குறித்தவை. நேராகச் சொல்வது 'தன்னிரக்கம்', ஆனால் அதுவும் புத்தகச் சொல்.

வீட்டில் வருவது வேறு. 'என்ட தலையெழுத்து', 'எனக்கெண்டு ஆர் இருக்கினம்', 'நான் இருந்தென்ன, விட்டென்ன' என்பார்கள். அதையே நாள் முழுக்கச் சொன்னால் 'சும்மா மூக்கால அழாத' என்று அதட்டல் விழும்.

'பாவம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'பாவம் அந்த மனிசி' என்றால் இரக்கம். அதே இரக்கத்தைத் தனக்கென்று திருப்பும்போது 'பாவி' ஆகிவிடுகிறது: 'நான் பாவி, பக்கத்தில இருந்தும் கவனிக்காம விட்டிட்டனே.' துக்கத்தோடு பழியையும் தானே ஏற்றுக்கொள்கிற சொல் அது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 'நான் பாவமெல்லோ' என்பது வேறு, அது சின்னப் பிள்ளைகளின் கெஞ்சல். சந்தையில் சிங்களப் பெண்கள் 'அனே பவ்' என்பார்கள். அந்தப் 'பவ்'வும் இப்படித்தான்: தீவினைக்கும் அதுவே, இரக்கத்துக்கும் அதுவே.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கன்னியாவில் கிரியை முடித்து, ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அள்ளிக் குளித்துவிட்டு வீடு திரும்பினோம். வந்திருந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் என் கன்னத்தைத் தடவி, 'ச்சொ ச்சொ, பாவம் பிள்ளை' என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு 'ச்சொ'வுக்கும் நான் ஒரு சுற்றுச் சிறுத்துப் போனேன்.

அப்பாவோடு வேலை செய்த ஒருவர், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் கிண்ணியாக்காரர், வாடகைக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சில் அவசரம், தவிப்பு, இக்கட்டு எல்லாவற்றுக்கும் 'அந்தரம்' என்ற ஒரே சொல் போதும். புறப்படும்போது அவர் சொன்னதில் 'பாவம்' இல்லை.

'அந்தரம் எண்டா ஒரு கோல் எடு மகள். ராவெண்டாலும் வருவன்.'

பிறகு இரண்டு தடவை போன் எடுத்தேன். இரண்டு தடவையும் வந்தார்.